கொழும்பு வெக்கையில் ஏரோபொனிக்ஸ்: வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கத்துத் தொடர்மாடிகளில் பல்கனியிலோ மொட்டைமாடியிலோ ஏரோபொனிக்ஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியவை. அங்கே தண்ணீர் தானாகவே 20 பாகையில் நிற்கும். இங்கே குழாயைத் திறந்தாலே 27, 28. அதனால் உரத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் கூடுதலாகப் பேசியிருக்கிறோம்.

ஏரோபொனிக்ஸில் வேர் எப்படி வளர்கிறது? ஹைட்ரோபொனிக்ஸ் வேரும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஹைட்ரோபொனிக்ஸில் வேர் உரக் கரைசலுக்குள் கிடக்கும். ஏரோபொனிக்ஸில் அது இருட்டான பெட்டிக்குள் அந்தரத்தில் தொங்கும், கரைசல் புகாராக இடைவிட்டு அதன்மேல் படியும். இந்த முறைக்கு ஏரோபொனிக்ஸ் என்ற பெயரை 1957-இல் வைத்தவர் எஃப். டபிள்யூ. வென்ட் என்ற தாவரவியலாளர்.

தண்ணீருக்குள் கிடக்கும் வேர் வழுவழுப்பாக, வேர்மயிர் அதிகம் இல்லாமல் வளரும். காற்றில் தொங்கும் வேருக்கு ஈரத்தைத் தேடிப் பிடிக்கவேண்டிய தேவை இருப்பதால் பஞ்சுபோல வேர்மயிர் விடும். உறிஞ்சும் பரப்பு பலமடங்கு கூடுவது இதனால்தான். அதே வேர்மயிர்தான் முதலில் காய்வதும் முதலில் கருகுவதும். ஏரோபொனிக்ஸில் வரும் ஏறக்குறைய எல்லாச் சிக்கலும் கடைசியில் இந்த வேர்மயிரில்தான் வந்து முடியும்.

நல்ல வேரை எப்படி அடையாளம் காண்பது?

மூடியைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் நுனியிலிருந்து மேலே பாருங்கள். கடைசி 1 சென்ரிமீற்றர் பளிச்சென்ற வெள்ளையாக, மயிர் இல்லாமல் இருக்கும். அதுதான் இப்போது வளர்ந்துகொண்டிருக்கும் நுனி. அதற்கு மேலே சில சென்ரிமீற்றர் நீளத்துக்கு, புட்டுமாவில் தோய்த்து எடுத்ததுபோல வெண்மையான சுணை தெரியும். அதற்கும் மேலே பழைய வேர் கொஞ்சம் பழுப்பு ஏறி, பக்கவேர்கள் கிளைத்திருக்கும். இந்த மூன்றும் ஒரே வேரில் தெரிந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

வேர் நீளமாக இருப்பதை வைத்து மகிழாதீர்கள். கிளையே இல்லாமல் நூல்போல ஒரு முழம் தொங்கும் வேர், தூவல் போதாமல் ஈரம் தேடி ஓடும் வேர். சாண் நீளத்தில் அடர்ந்து கிளைத்த வேர்தான் செடியைத் தாங்கும்.

உயர் அழுத்தமா, தாழ் அழுத்தமா, அல்லது அந்த மீயொலி ஃபொகரா?

துளியின் பருமனைப் பொறுத்தது. வேருக்குத் தோதான துளி 30 முதல் 80 மைக்ரோன் வரை. இதற்கு 80 முதல் 100 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அழுத்தமும் 0.3 முதல் 0.5 மில்லிமீற்றர் துளையுள்ள நொசிலும் வேண்டும். இதுதான் உயர் அழுத்த முறை.

தாழ் அழுத்தத்தில் தண்ணீருக்குள் வைக்கும் சாதாரண பம்பும் சிறு தெளிப்பான் தலைகளும் போதும். துளி பெரிது, வேர் நனைந்து வடியும். வேர்மயிர் குறைவாகத்தான் வரும். ஆனால் பழுது குறைவு, அடைப்பு அபூர்வம், பாகங்கள் எங்கும் கிடைக்கும். முதல்முறையாகத் தொடங்குபவர் இதில் இரண்டு அறுவடை எடுத்துவிட்டு உயர் அழுத்தத்துக்கு மாறுவதே நல்லது என்பது எங்கள் திடமான எண்ணம்.

ஃபொகரை, அதாவது மீயொலியில் அதிரும் தட்டால் தண்ணீரைப் புகாராக்கும் கருவியை, முதன்மைத் தூவலாக நம்பவேண்டாம். அதன் துளி 5 மைக்ரோன் அளவில் மிதந்துகொண்டே இருக்கும், வேரில் போதுமான அளவு படியாது. தட்டில் உப்புப் படிந்து சில வாரங்களில் செயலிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக அது கரைசலைச் சூடாக்கும். கொழும்பில் அந்த ஒரு காரணமே போதும்.

உயர் அழுத்தப் பெட்டிக்கு என்னென்ன வேண்டும்?

12 செடிக்கு ஒரு பெட்டி என்று கணக்கு வைத்தால்: 40 லீற்றர் கொள்ளும் மூடியுள்ள தாங்கி, 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் (வீட்டு ஆர்.ஓ. வடிகட்டியில் இருக்கும் வகை, 100 பி.எஸ்.ஐ. தாங்கக்கூடியது), அழுத்தச் சுவிட்ச், 4 முதல் 8 லீற்றர் அழுத்தக் குடுவை, 12 வோல்ட் சொலனொயிட் வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடுவது), செக்கனில் அமைக்கக்கூடிய சுழற்சி டைமர், சொட்டாத வகை நொசில் 4, கண்ணி வடிகட்டி 1, கால் அங்குல அழுத்தக் குழாய், 32 மில்லிமீற்றர் பி.வி.சி. வடிகுழாய்.

குழாயும் இணைப்பும் புறக்கோட்டை பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். டைமர், பற்றரி, வயர் வகைகளுக்கு முதலாம் குறுக்குத் தெரு. பம்பும் அழுத்தக் குடுவையும் ஆர்.ஓ. வடிகட்டி பழுதுபார்க்கும் கடைகளில் கேளுங்கள்.

ஒழுங்குமுறை முக்கியம். தாங்கியிலிருந்து வடிகட்டி, பிறகு பம்ப், அழுத்தக் குடுவை, சொலனொயிட், கடைசியில் நொசில். சொலனொயிட்டை நொசிலுக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வையுங்கள். இரண்டு மீற்றர் தள்ளி வைத்தால், வால்வு மூடிய பிறகும் குழாயில் மிச்சமான அழுத்தம் நொசில் வழியாகச் சளசளவென்று வடியும். பெட்டிக்குள் புகாருக்குப் பதில் மழை பெய்கிறது என்று முறையிடுபவர்களில் பலருக்கு இதுதான் பிழை.

பெட்டியின் அடி வடிகுழாய்ப் பக்கமாக ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் மூலை எதுவோ, அழுகல் தொடங்கும் மூலையும் அதுதான்.

டைமரை எப்படி அமைப்பது?

உயர் அழுத்தத்தில் 3 செக்கன் தூவல், 4 நிமிட இடைவெளி என்று தொடங்குங்கள். நட்ட முதல் வாரம் வேர் குட்டையாக இருக்கும்வரை இடைவெளியை 2 நிமிடமாக்கலாம். காலை 11 மணியிலிருந்து 3 மணி வரை 3 நிமிடம், இரவில் 8 நிமிடம். பகல் இரவு பிரித்து அமைக்க முடியாத டைமர் என்றால் 4 நிமிடத்திலேயே விட்டுவிடுங்கள்.

தாழ் அழுத்தத்தில் 15 நிமிடம் ஓடி 15 நிமிடம் ஓய்வு. இதற்குச் சுவரில் செருகும் 15 நிமிடப் பல் வைத்த டைமர் போதும். அதே டைமரை உயர் அழுத்தத்துக்கு மாட்டினால் வேர் மூழ்கியதுபோலாகும்.

இந்த எண்கள் எல்லாம் தொடக்கத்துக்குத்தான். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அடுத்த தூவல் வருவதற்குச் சற்று முன்னர் மூடியைத் திறந்து வேர் நுனியைப் பாருங்கள். நுனியில் முந்திய தூவலின் துளி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் இடைவெளி போதாது, ஒரு நிமிடம் கூட்டுங்கள். வேர் மினுமினுப்பாக, ஆனால் துளி இல்லாமல் இருந்தால் சரி. மினுமினுப்பு மங்கி வேர்மயிர் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்திருந்தால் காயத் தொடங்கிவிட்டது, இடைவெளியைக் குறையுங்கள்.

கரைசல் எத்தனை பாகையில் இருக்க வேண்டும்? இங்கே 20 பாகை நடக்கிற காரியமா?

18 முதல் 22 வரை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். குளிரூட்டி வாங்காமல் கொழும்பில் அது வராது, அதற்காக அலையவும் வேண்டாம். 26-க்குக் கீழே வைத்திருக்க முடிந்தால் இலைக்கீரை வகை நன்றாகவே வரும். 28 வரை கங்குனும் பொன்னாங்காணியும் தாங்கும். 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் எந்த உரமும் காப்பாற்றாது.

20 பாகை நன்னீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் 7.6 மட்டுமே. ஏரோபொனிக்ஸில் வேர் நேரே காற்றிலிருந்து ஒட்சிசன் எடுப்பதால் இந்தக் குறைவு பெரிதாகத் தாக்காது என்பது உண்மை. ஆனால் சூடு கூடக்கூட வேர் சுவாசிப்பது கூடும், ஒட்சிசன் தேவையும் கூடும். வேரை அழுகவைக்கும் பித்தியம் இனங்களில் ஒன்று 30 பாகைக்கு மேலும் செழிப்பாகப் பரவக்கூடியது. நனைந்த வேர்ப்பந்து, தேங்கிய மூலை, 30 பாகை மூன்றும் சேர்ந்தால் இரண்டு நாளில் பெட்டி முழுவதும் போய்விடும்.

சரி, சூட்டை எப்படி இறக்குவது?

முதலில் சூடு உள்ளே வராமல் தடுங்கள். குளிர்விப்பது அதற்குப் பிறகு.

பெட்டிக்கு உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளை. வெளிச்சம் புகாமலிருக்கக் கறுப்புப் பெட்டி வாங்கி அப்படியே வெயிலில் வைப்பது இங்கே அதிகம் காணும் தவறு. பெட்டிக்குள் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும், ஆகவே தூவல் ஆவியாகிக் குளிர்விக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சுவர் வழியாக வரும் வெயில்தான் உள்ளே எத்தனை பாகை என்பதைத் தீர்மானிக்கும். வெள்ளைப் பெயின்ற் அடித்து, 2 சென்ரிமீற்றர் ரெஜிபோம் தகடு சுற்றிக் கட்டினாலே வித்தியாசம் தெரியும்.

தாங்கிக்கு மீன் வியாபாரிகள் பயன்படுத்தும் ரெஜிபோம் பெட்டியைவிடப் பொருத்தமான பொருள் இல்லை. தாங்கியை அதற்குள் இறக்கி மூடிவிடுங்கள், அல்லது பெட்டிக்குள் உணவுத்தரப் பொலித்தீன் விரித்து அதையே தாங்கியாக்குங்கள். சீமெந்துத் தளத்தில் நேரே வைக்காமல் செங்கல் அடுக்கி மேலே வையுங்கள். பிற்பகலில் மொட்டைமாடித் தளம் கால் வைக்க முடியாமல் கொதிப்பது உங்களுக்கே தெரியும்.

கரைசலை மாற்றுவதாக இருந்தால் காலை 6 மணிக்கு மாற்றுங்கள். கூரைமேல் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர் பிற்பகல் 2 மணிக்கு வெந்நீர். அதில் கலந்த கரைசல் ஆற அடுத்த விடியல் ஆகும்.

பிறகு ஐஸ் போத்தல். 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் தண்ணீர் முக்கால்வாசி நிரப்பி, உறையவைத்து, மூடி இறுக்கமாகத் தாங்கிக்குள் விடுங்கள். முழுதாக உருகி முடியும்போது 40 லீற்றர் கரைசலை ஏறக்குறைய 3 பாகை இறக்கும். காலை 10 மணிக்கு ஒன்று, பிற்பகல் 1 மணிக்கு ஒன்று. ஒரேயடியாக நான்கு போத்தலைப் போட்டு 10 பாகை இறக்கினால் வேர் அதிர்ச்சியில் உறிஞ்சுவதை நிறுத்தும், இலை நட்டநடு வெயிலில் வாடும்.

மண்பானையில் வைத்தால் குளிராதா என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துச் சோளகத்தில் பானைத் தண்ணீர் குளிரும். கொழும்பின் ஈரக்காற்றில் ஆவியாவது மெதுவாகத்தான், ஒன்றிரண்டு பாகைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

உரம் எது, எவ்வளவு?

நாட்டில் எளிதாகக் கிடைப்பது அல்பேட் கலவை. மண்ணில்லாப் பயிர்ச்செய்கைக்கு விவசாயத் திணைக்களம் பழக்கப்படுத்திய அதே உரம்தான். பொதியில் உள்ள அளவு பொதுவாகத் தேங்கிய கரைசலுக்கானது. ஏரோபொனிக்ஸ் வேர் உறிஞ்சும் வேகத்துக்கு அதில் பாதியிலிருந்து தொடங்கி, ஈ.சி. மீற்றரால் அளந்து கூட்டுங்கள். ஈ.சி. என்பது கரைசலின் மின்கடத்துதிறன், உரம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும்; இங்கே எல்லா அளவும் mS/cm-இல். சலாதுக்கு 0.8 முதல் 1.2, பேசிலுக்கும் புதினாவுக்கும் 1.0 முதல் 1.6, கங்குனுக்கு 1.5 அளவில், தக்காளி பூக்கத் தொடங்கிய பிறகு 2.0-க்கு மேல். மார்ச், ஏப்ரல் வெக்கையில் இந்த வீச்சின் கீழ்ப்பக்கத்தில் நில்லுங்கள், ஏனென்றால் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும்.

தூளைச் சிறு கோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். கல்சியமும் சல்பேற்றும் பொஸ்பேற்றும் செறிவாகச் சந்தித்தால் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். படிந்த கல்சியம் செடிக்குக் கிடைக்காது, நொசிலில் மட்டும் போய் அடைக்கும். 10 லீற்றர் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடித்துத் தாங்கியில் ஊற்றுங்கள். ஏ, பி என இரண்டாக வரும் உரமானால் ஏ முழுதும் கலந்தபின் பி.

தாங்கியில் மட்டம் இறங்கி ஈ.சி. ஏறியிருந்தால் வெறும் தண்ணீர் விடுங்கள். மட்டமும் ஈ.சி.யும் சேர்ந்து இறங்கியிருந்தால் உரக் கரைசல் விடுங்கள். 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

பி.எச். (கரைசலின் அமில-கார அளவு) குறைக்கத் தேசிக்காய்ப் புளி விடலாமா? வினாகிரி?

வேண்டாம். இரண்டு நாள் குறைந்து நிற்கும், நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தை உண்டு தீர்த்ததும் பி.எச். பழைய இடத்துக்கு ஏறும், தாங்கியில் வழுவழுப்பும் மிஞ்சும். பொஸ்போரிக் அமிலத்தில் தயாரித்த பி.எச். குறைப்பானை 40 லீற்றருக்கு 1 மில்லிலீற்றர் வீதம் விட்டு, கலக்கி, கால் மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். 5.5-க்கும் 6.3-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் தொடவேண்டாம். நாளுக்கு நாலுதரம் அமிலம் விட்டுச் சரிசெய்வது வேருக்கு 6.5 பி.எச்.ஐவிடக் கேடு.

நைத்திரேற்றை உறிஞ்சும் நலமான செடி பி.எச்.ஐ மெல்ல மேலே தள்ளும். அது நல்ல அறிகுறி.

மீன் ரொனிக், மண்புழுக் கழிவுநீர் போன்ற சேதனத் திரவங்கள்?

மண்ணுக்கு அருமையானவை, இதற்குள் வேண்டாம். நொசில் அடைபடும், 28 பாகையில் கரைசல் நாறும், அதிலுள்ள நைதரசனை வேர் எடுக்கும் வடிவத்துக்கு மாற்றும் மண்ணுயிர்கள் இங்கே இல்லை.

குழாய்த் தண்ணீர் நேரே விடலாமா?

கொழும்புக்கு வரும் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலை சுத்திகரிப்பு நிலையம் வழியாகவும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது. மென்னீர், உப்புக் குறைவு. ஏரோபொனிக்ஸுக்கு நல்ல அடித்தளம். குளோரின் போக, அகன்ற வாளியில் மூடாமல் ஒரு நாள் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கடும் வரட்சியில் களனியின் கீழ்ப்பகுதிக்குள் கடல்நீர் ஏறும் காலங்களில் மட்டும் ஈ.சி. பார்த்துவிட்டுக் கலப்பது நல்லது.

கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீர் வேறு விடயம். உரம் போடாமலேயே 0.5-க்கு மேல் காட்டினால் சலாதுக்கு விடாதீர்கள். மழைநீர் பிடித்துக் கலந்துகொள்ளலாம்.

நாற்றை எப்போது பெட்டிக்கு மாற்றுவது?

2.5 சென்ரிமீற்றர் பஞ்சுத் துண்டில் விதை போட்டு, வேர் பஞ்சைத் துளைத்து 4 சென்ரிமீற்றர் வெளியே வந்த பிறகு. அதற்கு முன்னர் மாற்றினால் தூவல் வேரை எட்டாது. தும்புத் தூளில் முளைக்க வைத்த நாற்று என்றால் வேரை வாளித் தண்ணீரில் அலசி, ஒரு தும்பும் மிச்சமில்லாமல் எடுத்துவிட்டு வையுங்கள். தும்பு வடிகட்டியில் சிக்கினால் அதிர்ஷ்டம், நொசிலில் சிக்கினால் அந்த மூலைச் செடி நான்கும் மதியத்துக்குள் தொங்கும்.

பஞ்சின் மேற்பகுதி காய்ந்திருக்க வேண்டும். தண்டு பஞ்சைத் தொடும் இடம் எப்போதும் நனைந்திருந்தால், வேர் நலமாக இருக்கும்போதே கழுத்து அழுகிச் செடி சரியும்.

வேர் பழுப்பாகிவிட்டது. அழுகலா, உரச் சாயமா?

இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு வேரைப் பிடித்து மெல்ல உருவிப் பாருங்கள். மேற்தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் ஒன்று மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் அழுகல். விரலில் வழுவழுப்பும் சேற்று நாற்றமும் இருக்கும். தோல் கழலாமல், வேர் விறைப்பாக, மணமின்றி இருந்தால் உரத்திலுள்ள இரும்பின் சாயம். விட்டுவிடுங்கள்.

நுனி மட்டும் பழுப்பாகக் கருகி மேலே வெள்ளையாக இருந்தால் உரம் கூடிவிட்டது, அல்லது ஒரு தடவை காய்ந்து மீண்டிருக்கிறது. நுனி தடித்துக் குட்டையாக நின்றால் பி.எச். 5-க்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். பச்சைப் படலம் என்றால் பாசி, எங்கோ வெளிச்சம் நுழைகிறது. பெட்டிக்குள் விளக்கை வைத்து, இருட்டில் வெளியே நின்று பார்த்தால் ஓட்டை தெரியும்.

இலை வாடும்வரை காத்திருக்காதீர்கள். வேரில் பாதி போன பிறகுதான் இலை சொல்லும். வாரத்துக்கு இருமுறை மூடியைத் தூக்குவது மீற்றர் பார்ப்பதைவிட முக்கியம்.

அழுகல்தான். இனி என்ன செய்வது?

வேரில் பாதிக்கு மேல் கழன்ற செடிகளை எடுத்து எறியுங்கள். மனம் வராது, ஆனால் அதை வைத்துக் காப்பாற்றப் பார்த்தால் மற்றதும் போகும். மிச்சச் செடிகளின் கெட்ட வேரைச் சுத்தமான கத்திரியால் வெட்டி, இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, தற்காலிகமாக ஒரு வாளித் தண்ணீரில் வையுங்கள்.

பிறகு தாங்கியைக் காலியாக்கி, 5 சதவீத வெளிற்றும் திரவத்தை லீற்றருக்கு 10 மில்லிலீற்றர் வீதம் கலந்து, பம்பை ஓடவிட்டு நொசில் வரை போகச் செய்து, அரை மணி நேரம் விடுங்கள். இரண்டு தடவை நல்ல தண்ணீர் ஓட்டிக் கழுவுங்கள். இந்தத் திரவத்தோடு எந்த அமிலமும், பி.எச். குறைப்பானோ வினாகிரியோ, ஒருபோதும் சேரக்கூடாது. நச்சுக் குளோரின் வாயு வரும். பல்கனிக் கதவைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

புதிய கரைசலை வழக்கமான ஈ.சி.யில் பாதிக்குக் கலந்து தொடங்குங்கள். 3 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டு லீற்றருக்கு 3 மில்லிலீற்றர், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு தடவை. ட்ரைக்கோடேர்மா போன்ற நல்ல நுண்ணுயிர் விடுவதானால் பேரொட்சைட்டை நிறுத்தி நான்கு நாள் கழித்து விடுங்கள். இரண்டையும் சேர்த்து விடுவது காசைக் கரைப்பது.

இத்தனையும் செய்து, கரைசல் 30 பாகையிலேயே நின்றால் இரண்டு வாரத்தில் மறுபடியும் இதே கேள்வியோடு வருவீர்கள். சூட்டின் காரணத்தைச் சரிசெய்த பிறகே செடி வையுங்கள்.

நொசில் அடிக்கடி அடைபடுகிறது.

லீற்றருக்கு 20 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து இரவு முழுவதும் ஊறவையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் துளி பருத்துவிடும், அந்த நொசில் இனி உதவாது. கண்ணி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுங்கள். இரண்டு நொசில் கைவசம் இருக்கட்டும்.

வேர் ஒரு பக்கம் மட்டும் அடர்ந்து, மறுபக்கம் காய்ந்து கிடக்கிறது.

நொசிலை நோக்கிய வேர், பின்னாலுள்ள வேருக்கு மறைப்பாகிவிடுகிறது. நொசில்களை எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்று உயரமாகவும் ஒன்று தாழ்வாகவும் மாற்றி அமையுங்கள். வேர் பெட்டி அடியைத் தொட்டால் 15, 20 சென்ரிமீற்றருக்கு வெட்டிவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. வெட்டாமல் விட்டால் வேர் வடிகுழாய்க்குள் நுழைந்து அடைக்கும், பெட்டி நிரம்பும், கீழ்மாடி வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

மின்வெட்டு வந்தால் வேர் எவ்வளவு நேரம் தாங்கும்?

நிழலில், மூடி இறுக்கமாக இருந்தால் உயர் அழுத்தப் பெட்டி ஒரு மணி நேரம் அளவில் தாங்கும். நண்பகல் வெயிலில் அதில் பாதி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமலிருந்ததையும், 2025 பெப்ரவரி 9-இல் நாடு முழுவதும் திடீரென்று இருண்டதையும் நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

12 வோல்ட் உயர் அழுத்த முறையின் மிகப்பெரிய நன்மை இங்கேதான் தெரியும். 3 செக்கன் தூவல், 5 நிமிட இடைவெளி என்றால் நாளுக்கு 288 தூவல், மொத்தம் 14 நிமிடம் சொச்சம். நான்கு நொசிலும் சேர்ந்து தெளிப்பது 5 லீற்றர் அளவு. பம்ப், வால்வு, டைமர் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1.5 அம்பியர்-மணிக்கு உட்பட்டே இழுக்கும். அலாரம் பெட்டிகளில் இருக்கும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றைப் பாதிவரை மட்டும் பயன்படுத்தினாலும் இரண்டு நாள் ஓடும். தாழ் அழுத்தத்தில் 25 வோட்ஸ் பம்ப் பாதி நேரம் ஓடினால், அதே பற்றரி மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும்.

பற்றரி இல்லாதபோது வடிகுழாயை அடைத்து, பெட்டிக்குள் 5 சென்ரிமீற்றர் கரைசல் நிற்க விடுங்கள். வேர் நுனி அதில் தொட்டுக்கொண்டிருக்கும். மின்சாரம் வந்ததும் அடைப்பை எடுக்க மறக்கவேண்டாம்.

ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னலுக்கு முன்னர் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், பற்றரியில் ஓடட்டும். 230 வோல்ட் பம்ப் வைத்திருப்பவர்கள் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

நுளம்பு பெருகாதா?

தாங்கி திறந்திருந்தால் பெருகும். நுளம்பு பெருகுவதற்கு இடம் வைத்திருப்பது 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் உரக் கரைசல் என்று சொல்லித் தப்ப முடியாது. முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு வாரம் போதும். மூடிக்கும் தாங்கிக்கும் நடுவில் இறப்பர் பட்டி, குழாய் நுழையும் துளைகளைச் சுற்றி நுளம்பு வலைத் துணி. பெட்டி மூடியில் செடி இல்லாத துளைகளை அடைத்துவையுங்கள். கரப்பான் வருவதும் அந்த வழியாகத்தான், அது இளம் வேர் நுனியைக் கடிக்கும். கழற்றி வைத்த வாளி, தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

எந்தப் பயிரில் தொடங்கலாம்?

கங்குன், பொன்னாங்காணி, பேசில், புதினா. தண்டை வெட்டி வைத்தாலே வேர் விடும், வெக்கையும் பழக்கம். வல்லாரை மெதுவாகத் தொடங்கிப் பிறகு நிற்காது. சலாதில் சூடு தாங்கும் இனமாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரோபெரி நுவரெலியாவின் பயிர், அதைக் கொழும்பில் வற்புறுத்த வேண்டாம்.

வேர் அழகாக இருக்கிறது, ஆனால் சலாதின் உள் இலை விளிம்பு கருகுகிறது. ஏன்?

கல்சியம் இலை நுனி வரை போய்ச் சேரவில்லை. அது இலை ஆவியுயிர்ப்பு இழுக்கும் நீரோடுதான் மேலே ஏறும். காற்றில் ஈரப்பதன் 85 சதவீதம் என்றால் இலையால் நீரை வெளிவிட முடியாது, வேர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இழுப்பு இல்லை. கல்சியம் கூட விடவேண்டாம். சிறு மேசை விசிறியைச் செடிக்கு மேலால் காற்று ஓடும்படி வையுங்கள், ஈ.சி.யை 0.2 குறையுங்கள். புதிய இலைகளில் மாற்றம் தெரியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு ஒரு கிழமை ஊருக்குப் போகிறோம். விட்டுவிட்டுப் போகலாமா?

போகலாம். வளர்ந்த சலாது 12 செடி நாளுக்கு 2 முதல் 3 லீற்றர் குடிக்கும். 40 லீற்றர் தாங்கியில் பம்ப் காற்று இழுக்காமலிருக்க அடியில் 10 லீற்றர் மிஞ்சவேண்டும் என்று வைத்தாலும் பத்து நாளுக்குப் போதும். புறப்படும் நாள் காலையில் கரைசலை முழுதாக மாற்றி, ஈ.சி.யை வழக்கத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைத்து வையுங்கள். நீர் குறையக்குறைய அது தானாக ஏறும். வெட்டப் பருவமான செடிகளை வெட்டிவிடுங்கள், வேர்களைக் கத்தரித்து விடுங்கள், வடிகட்டியைக் கழுவுங்கள், நொசில் நான்கும் புகார் விடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெயில் படும் பல்கனியானால் பழைய வெள்ளை விரிப்பு ஒன்றைப் பெட்டியின் வெயில் பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் திறப்பைக் கொடுப்பதானால் உரம், பி.எச். எதையும் சொல்லிக் குழப்பவேண்டாம். காலையில் ஒரு ஐஸ் போத்தலை மாற்றிவிட்டு, நொசில் சீறும் சத்தம் 5 நிமிடத்துக்குள் ஒருதரம் கேட்கிறதா என்று நின்று கேட்டால் போதும். கேட்காவிட்டால் வடிகுழாயை அடைத்துவிட்டு உங்களுக்கு அழைக்கச் சொல்லுங்கள். அடைப்பதற்கான இறப்பர் மூடியைப் பெட்டிமேலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் போங்கள்.